சுவரில் தெரியும் கற்றாழை

என் வீட்டு முன்னறையில் ஓர் எண்ணெய் வர்ணப் படம் தொங்குகிறது. பெரிய வானம், கீழே வளைந்து போகும் ஆறு, தூரத்தில் நீல மலை. நடுவே ஒரு மேடு. மேட்டில் வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக ஒரு சின்ன வீடு. சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் இது அமெரிக்காவா என்று கேட்பார்கள். மலாயாவில் கோல சிலாங்கூருக்குக் கிழக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் தோட்டம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நானும் வற்புறுத்துவதில்லை.

படத்தை வரைந்தவர் வேறொருவர். அந்த வீட்டை மட்டும் வரைந்தது நான். வரைந்து சில வருஷங்களுக்குப் பிறகு, அந்த வெள்ளைச் சுவருக்குள்ளிருந்து ஒரு பச்சை மெல்ல மேலே வரத் தொடங்கியது. ஈரத்தில் பிடித்த பூஞ்சை என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். போகவில்லை. டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன், இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அது என்ன என்பது எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரப்பர் விலை திரும்பவும் ஏறத் தொடங்கிய சமயத்தில், அந்தத் தோட்டத்துக்கு இரண்டாம் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாகப் போனேன். எனக்கு வயது இருபத்தாறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கோலாலம்பூரில் ஓர் அளவைக்காரரிடம் மூன்று வருஷம் நிலப் பிளான்களுக்குப் பிரதி எடுத்திருந்தேன். அடிமட்டமும் மைப்பேனாவும் இருந்தால் உலகத்தில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்ற எண்ணம் அப்போது உண்டு. கோடு போடுவதில் நான் கெட்டிக்காரன்தான், அதை இப்போதும் சொல்வேன். மற்ற விஷயங்களில் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிளான் வரைகிற தொழிலில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, பூசுகிற சாயம் அடியில் இருக்கும் கோட்டை மறைக்கக் கூடாது. சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். பால்மரத்துக்கு, அதாவது ரப்பருக்குப் பச்சை, கட்டடத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். இரண்டாவது, பிளானின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கட்டத்தில் பெயர் இல்லாத எதையும் பிளானில் காட்டக் கூடாது. நிலத்தில் அது இருந்தாலும் சரி, அதன்மேல் தடுக்கி விழுந்தாலும் சரி.

தோட்டத்தில் ஆற்றை ஒட்டி ஒரு மேடு இருந்தது. அந்தத் தட்டை நிலத்தில் அது ஒன்றுதான் மேடு. மற்ற இடங்களில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும். பழைய பிளானில் மேடு வெறுமையாக இருந்தது, நானும் வெறுமையாகவே பிரதி எடுத்தேன். வேலையாட்கள் குடியிருந்த கடைசி லயத்துக்கு அப்பால், சதுப்பு ஓரத்தில் ஓர் ஏக்கர் மயானம் முறைப்படி பிளானில் இருந்தது. அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும். பெரியவர்களை வேறு வழியில்லாமல் அங்கே புதைத்தார்கள். காய்ச்சலில் போன குழந்தைகளைத் தண்ணீரில் இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவர்களை மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிளானில் மயானம் என்று எழுதிய இடத்தைத் தவிர வேறெங்கும் புதைப்பது குற்றம் என்பதால் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அதைத் துரையிடம் சொல்லவில்லை, பெரிய கிராணியும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதாத விஷயம் அது.

புதைத்த இடத்தில் கல் வைப்பதில்லை, கற்றாழைதான் வைப்பார்கள். ஊரிலிருந்து கப்பலில் யாரோ ஒரு கன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்களாம். மேட்டில் இருந்த அத்தனையும் அதன் பிள்ளைகள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டாலும் சாகாது, காட்டுப் பன்றி கிளறாது என்று சொன்னார்கள். நான் போனபோது மேட்டில் ஏழு கற்றாழைகள் இருந்தன. பார்க்கிறவர்களுக்கு அவை தானாக முளைத்த செடிகள். எனக்கும் முதலில் அப்படித்தான்.

துரை ஆங்கிலேயர், துரைசாணி அமெரிக்கக்காரி. உயரமான பெண். வெயிலில் அலைந்து முகம் முழுக்கப் புள்ளி விழுந்திருக்கும். யாரைப் பார்த்தாலும் கேள்வி கேட்பார். பழைய பங்களா ஆற்று வெள்ளத்தில் அடிக்கடி நனைகிற ஒன்று. அதன் நடுக்கூடத்தில் துரைசாணியின் தாத்தா வரைந்த பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. மழை அளவுக் கணக்குகளோடு போன ஒரு நாள், அதன்முன் வாய் பிளந்து நின்றுவிட்டேன். துரைசாணிக்கு அது பிடித்துப் போயிற்று. நல்ல வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி அந்தப் படத்தை எனக்கு எடுத்துச் சொன்னார்.

மலை, அருவி, மேகம் பிளந்து இறங்கும் வெளிச்சம். முக்கால் படத்தை அவையே எடுத்துக்கொண்டன. கீழே ஒரு மூலையில் காட்டை வெட்டித் திறந்த இடம், அதில் வெட்டிய மரங்களின் கட்டைகள், அவற்றின் நடுவே மரத்தால் கட்டிய ஒரு சின்ன வீடு, புகைபோக்கியில் நூலளவு புகை. தங்கள் நாட்டுப் படங்களில் இப்படித்தான் இருக்கும் என்றார். இயற்கை பெரிதாக இருக்க வேண்டும், வீடு சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் கண் கடைசியில் வீட்டில்தான் வந்து நிற்க வேண்டும். வீடு இல்லாவிட்டால் அது வெறும் காடு. வீட்டை வைத்த பிறகுதான் அது ஒருவருடைய நாடு ஆகிறது. அச்சிட்ட படங்கள் உள்ள ஒரு பெரிய புத்தகத்தையும் புரட்டிக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அதே கட்டைகள், அதே புகை.

எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை மரத்தை வெட்டியவர்கள் எங்கே என்று கேட்டேன். வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சிரித்தார். அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்றேன். யாரும் இல்லை என்று உடனே சொன்னார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, சிலர் இருந்தார்கள், போய்விட்டார்கள் என்றார். சின்ன வயதில் அந்தப் படத்தின் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாராம். உள்ளே ஒரு முகம் தெரியும் என்று பயமாம். இப்போதும் தனியாக இருக்கும்போது அந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட மாட்டேன் என்றார். பெரிய மனுஷிக்கு இதெல்லாம் பயமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

விலை ஏறியதும் புதிய பங்களா கட்டுவதற்கு அனுமதி வந்தது. வெள்ளம் வராத இடம் மேடு ஒன்றுதான். மேட்டில் எந்தப் பக்கம் என்று மட்டும் தீர்மானமாகவில்லை. கட்டுவதற்கு முன்னால் மேட்டை ஒரு படம் வரைந்துவிட வேண்டும் என்று துரைசாணிக்கு ஆசை. வர்ணப் பெட்டி, மூன்று கால் சட்டம், குடை எல்லாம் தூக்குவதற்குப் புல்வெட்டும் கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார். முப்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவள். புருஷன் பால்மரம் வெட்டிப் பால் இறக்குகிறவன். தினமும் காலையில் துரைசாணிக்குப் பின்னால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போவாள்.

துரைசாணி கண்ணால் கண்டதை அப்படியே வரைகிறவர். வானம், ஆறு, தூரத்தில் உலு யாம் பக்கத்து மலை, எல்லாம் பத்து நாளில் வந்துவிட்டன. முன்னால் இருந்த ஏழு கற்றாழைகளையும் மடல் மடலாக வரைந்தார். லயத்தையும் ரப்பர் புகையிடும் வீட்டையும் மட்டும் விட்டுவிட்டார். அவை படத்துக்கு ஒத்துவராது என்றார். பெட்டி தூக்கிய பெண்ணைக் கூப்பிட்டு, நடுவில் இருந்த கற்றாழைக்கு முன்னால் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். மனித உருவம் ஒன்று இருந்தால்தான் வானம் எவ்வளவு பெரிது என்று தெரியுமாம். அவள் போய் நின்றாள். எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று துரைசாணி வியந்து சொன்னார்.

அடுத்து வீடு. மரமும் மேகமும் வரைகிற கைக்குக் கூரையும் சுவரும் வரவில்லை. மூன்று தடவை சாய்ந்த வீடாக வந்து, சுரண்டிவிட்டு, என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாளைக் காலை அடிமட்டத்தோடு மேட்டுக்கு வர வேண்டும் என்று செய்தி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய கிராணிக்குக்கூட வராத அழைப்பு.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். சமையல் செய்துகொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் படியேறவில்லை, முற்றத்தில் நின்றே பேசினாள்.

“கிராணி ஐயா, மேட்டுல ஏழு கத்தாழ இருக்குல்ல, அதுல நடுவுல இருக்குறது எம் மக. மூணு வயசு. அங்கன வீடு கட்டப் போறாங்களாம்ல. கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க. நான் சொன்னா யாரு கேப்பா. நீங்க இங்கிலீசுல சொன்னா கேப்பாங்க.”

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதும் தெரிந்தது. மாதச் சம்பளம் கொடுக்கும் சம்பள ஞாயிறுகளில் அவள் சிரட்டையில் டின் பாலைக் கரைத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போவதைப் பார்த்திருக்கிறேன். பாம்புக்கு வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும் பெட்டியைச் சுமந்துகொண்டு போய், தன் பிள்ளையின் தலைமாட்டில் இறக்கி வைத்திருக்கிறாள்.

“சரி, துரைசாணியோடை கதைச்சுப் பாக்கிறன். நீ போ” என்றேன்.

சொல்லும்போது பொய்யாகச் சொல்லவில்லை. ராத்திரி படுத்தபோதும் கேட்பதாகத்தான் இருந்தேன். ஆனால் கேட்டால் என்ன நடக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். மேட்டில் புதைத்ததை இத்தனை வருஷம் மறைத்தது தெரியவரும். மண்டோர் மாட்டுவான், பெரிய கிராணி மாட்டுவார், நேற்று வந்த பயல் காட்டிக் கொடுத்தான் என்று என்னைச் சும்மா விடமாட்டார்கள். அதைவிட, படத்தில் கை வைக்கக் கூப்பிட்ட அன்றைக்கே சாவு, புதைகுழி என்று போய் நின்றால் துரைசாணி முகம் எப்படி மாறும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

காலையில் போனேன். அந்தப் பெண் வழக்கம்போல நடுக் கற்றாழைக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் சேலையின் சிவப்பைத் துரைசாணி சரிசெய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து மேட்டின்மேல் நடந்துபோய், இடது பக்கம் ஓரமாக நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இங்கே வைக்கலாமா, இல்லை வேறெங்காவதா, உன் கண்ணுக்கு எது சரியோ அங்கே வை என்றார். இடது பக்கம் வெறும் லாலான் புல். ஒரு கற்றாழைகூட அங்கே இல்லை.

நான் வாயைத் திறக்கத் தேவையே இருக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டியிருந்தால் போதும்.

படத்தின் முன் உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம் வைத்தால் கூரையின் உச்சிக் கோடு மலையின் சரிவை அசிங்கமாக வெட்டிக்கொண்டு போனது. நடுவில் வைத்தால் மலையின் கோடு இறங்கி வந்து, கூரையின் கோட்டோடு ஒரே ஓட்டமாகச் சேர்ந்தது. அவ்வளவு அழகாகச் சேர்ந்தது. இது வெறும் படம்தானே, படத்தைப் பார்த்தா வீடு கட்டப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி இடது பக்கம் வேண்டாம் என்றேன். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய், நடுவில், அந்தப் பெண்ணின் காலுக்கு முன்னால் நட்டேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கூரையின் உயரத்தைக் குச்சியில் அளந்துகொண்டிருந்தேன்.

கோடுகளைப் போட்டு முடித்தேன். துரைசாணி கைதட்டிவிட்டு, சுவரையும் நீயே பூசு என்று தூரிகையைக் கொடுத்தார். எண்ணெய் வர்ணம் அதுவரை நான் தொட்டதில்லை. தொட்டால் அல்வா மாதிரி கெட்டியாக இருந்தது. பிளானுக்குச் சாயம் கரைத்தே பழகியவன் நான். வெள்ளையில் டர்பன்டைனை ஊற்றித் தண்ணீராக்கி, மெல்லிசாக ஒன்று, காய்ந்ததும் ஒன்று, அதற்குமேல் ஒன்று என்று பூசினேன். அடியில் துரைசாணி வரைந்த நடுக் கற்றாழை இருந்தது. ஒன்பது மடல். ஒவ்வொரு மடலாக மங்கி, மூன்றாம் பூச்சில் கண்ணுக்கு மறைந்துபோனது. கடைசியில் துரைசாணி கூரையின்மேல் ஒரு புகைபோக்கி வைத்துப் புகையும் விட்டார். இந்த வெக்கையில் யாருக்குக் குளிர்காய நெருப்பு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

படம் முடிந்து பார்த்தபோது, கற்றாழையைப் பார்த்து நின்ற பெண் இப்போது சுவரைப் பார்த்து நின்றாள். அந்தப் பக்கம் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. யாரோ திறப்பார்கள் என்று காத்திருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது என்றார் துரைசாணி.

மறுநாள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

“கேட்டீங்களா ஐயா?”

“கேட்டனான். துரைசாணி ஒத்துக்கொள்ளேல்லை” என்றேன்.

“சரிங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் புல்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் துரை படத்தைப் பார்த்தார். இதைவிட நல்ல இடம் இல்லை, படத்தில் இருக்கிறபடியே முளை அடித்துவிடு என்று என்னிடம் சொன்னார். படத்தைப் பார்த்து வீடு கட்ட மாட்டார்கள் என்று நினைத்தவனுக்குச் சரியான பதில். அளக்கும் சங்கிலியும் முளைக்குச்சிகளுமாக நானே மேட்டுக்குப் போனேன். பத்தடி தள்ளி அடித்திருந்தால் எந்தத் துரைக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தள்ளி அடித்தால், தள்ளுவது என் கையில்தான் இருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக முளையை அதே இடத்தில் அடித்தேன்.

செங்கல் தூண்கள்மேல் நிற்கிற பலகை வீடு. நடுத் தூணுக்குக் குழி தோண்டிய அன்று நான் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். மண்டோர் பிறகு வந்து, ஒண்ணுமில்ல கிராணி, வெறும் மண்ணுதான் என்று கேட்காமலே சொன்னான். மற்ற ஆறு கற்றாழைகளும் வீட்டுக்கு வெளியே அமைந்துவிட்டன. துரைசாணிக்கு அவை பிடிக்கும் என்பதால் சுற்றிலும் வெள்ளையடித்த கல் வைத்துத் தோட்டமாக்கினார்கள். அந்த ஆறு வீட்டுக்காரர்களும் மூச்சுவிடவில்லை. தங்கள் பிள்ளை தப்பியது என்று இருந்திருப்பார்கள். அவளுடையது ஒன்றுதான் போனது.

துரைசாணி குடிவந்த பிறகு, சம்பள ஞாயிறு தவறாமல் வீட்டின் அடியில், நடுத் தூணின் பக்கத்தில், ஒரு சிரட்டையில் பால் இருக்கும். வைத்தவரை யாரும் பார்த்ததில்லை. சமையல்காரன் பயந்து போய் வேலையை விட்டான். பூனைக்கு யாரோ வைக்கிறார்கள் என்று துரைசாணி சந்தோஷப்பட்டார். கணக்குப் புத்தகத்தோடு பங்களாவுக்குப் போகும்போதெல்லாம் எனக்குக் கால் கூசும். பலகைத் தரையில் நடக்கும்போது, அடியில் யாரோ நின்று அண்ணாந்து பார்ப்பது போல இருக்கும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்த வீட்டில் நான் ஒரு நாளும் சத்தமாக நடந்ததில்லை.

பிறகு துரை காவல்காரனை வைத்தார். வீட்டுக்கு அடியில் யாரும் வரக்கூடாது என்று உத்தரவு. அடுத்த மாதம் சிரட்டை இல்லை. அதற்கு அடுத்த மாதம் அவளும் புருஷனும் உலு யாம் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்று மண்டோர் சொன்னான். நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததற்காக என்னை நானே வெறுத்தேன்.

துரைசாணி அங்கே இரண்டு வருஷம்தான் இருந்தார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்குத் திரும்பினார். போகும்போது படத்தை எனக்குக் கொடுத்தார், பாதி உன்னுடையதுதானே என்று. வேண்டாம் என்று சொல்ல வழி தெரியவில்லை. கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். அவருடைய தாத்தா படத்தின் ஜன்னலை அவர் ஏன் பார்க்க மாட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. என் படத்தில் ஜன்னல் இல்லை. முதுகு இருந்தது. அந்த முதுகு திரும்பிவிடுமோ என்ற நினைப்பில் பல நாள் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அவள் திரும்பவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த சுவரில்தான் பச்சை வந்தது.

டர்பன்டைன் போட்டுத் துடைத்த அன்று இரண்டு மடல் தெரிந்தது. அடியில் இருக்கும் கோட்டை மறைக்கக் கூடாது என்று நான் படித்த தொழில், அங்கே மட்டும் தவறாமல் வேலை செய்திருக்கிறது. ஒரு மாதம் துணியைப் போட்டு மூடி வைத்தேன். மூடிய பிறகு இன்னும் மோசமாக இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டு ரவாங் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து மரம் ஏற்றுகிற ஒரு லோரியிலும் உலு யாம் போய்ச் சேர்ந்தேன்.

லயத்தின் கடைசி வீடு. விறகு பிளந்துகொண்டிருந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க கிராணி ஐயா” என்றாள், நேற்றுப் பார்த்தவள் போல. உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. பாயை அவிழ்த்துப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

தன்னைத்தான் முதலில் கண்டாள். அந்தச் சேலையை அடையாளம் தெரிந்து லேசாகச் சிரித்தாள். பிறகு ஓரத்தில் இருந்த ஆறு கற்றாழைகளையும் விரலால் தொடாமல் ஒவ்வொன்றாகக் காட்டி, யார் யாருடைய பிள்ளைகள் என்று சொன்னாள். பிறகு சுவரைப் பார்த்தாள். கிட்டே வந்து குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு லயத்துப் பெண்ணிடம் மரியாதை வைத்துப் பேசியது அன்றுதான்.

“நான் கேக்கேல்லை. அண்டைக்குத் துரைசாணியிட்டை நான் வாயே திறக்கேல்லை. உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

“தெரியுங்க ஐயா” என்றாள்.

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“நான் அங்கனதான நின்னுக்கிட்டு இருந்தேன். தொரசாணியம்மா அந்தப் பக்கம் ஓரமாப் போயிக் கையக் காட்டுனாங்க. நீங்கதான் தலைய ஆட்டிட்டு வந்து இங்கன குச்சிய நட்டீங்க.”

அப்படியானால் மறுநாள் ஜன்னலில் வந்து கேட்டது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. நான் என்ன சொல்வேன் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள். உண்மையைச் சொல்லியிருந்தால், முளை அடிப்பதற்கு இன்னும் நாள் இருந்தது.

படம் அவளுக்குத்தான் என்றேன். வேண்டாம் என்றாள். அந்த லயத்தில் ஒரே அடுப்புப் புகை, கரி படிந்து எல்லாம் மறைந்துவிடும் என்றாள். அப்படியானால் சுவரைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன், முழுக் கற்றாழையும் இன்றைக்கே தெரியும் என்று பைக்குள் இருந்த பேனாக்கத்தியை எடுத்தேன்.

“வேணாங்க ஐயா, அதுவா வரட்டும்” என்றாள். “உங்க வீட்டுலயே இருக்கட்டும். நீங்க பாருங்க.”

படத்தைப் பாயில் அவளே சுற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

அந்தத் தோட்டத்தை விட்டு வந்து வெகுகாலமாயிற்று. மேட்டுப் பங்களா இப்போது இல்லை, கறையான் தின்றதால் இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். படம் இங்கே இருக்கிறது. மழைக்காலத்தில் ஒன்றும் மாறுவதில்லை. வெயில் நாட்களில்தான் சுவர் இன்னும் கொஞ்சம் மெலிகிறது. காலையில் ஜன்னலைத் திறந்ததும் போய்ப் பார்க்கிறேன். நேற்று எண்ணினேன். எட்டு மடல் வந்துவிட்டது. இன்னும் ஒன்று வர வேண்டும்.